கல்லிச்சி நீட்டிய வேர்

அந்தக் காலத்தில் மரமும் பேசும், பாறையும் பேசும். கழுதைகூடப் பேசும், ஆனால் அதன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்போதெல்லாம் எந்த மரமும் தன் வேரை வெளியே காட்டாது. வேர் தெரிய நிற்பது மரங்களுக்குப் பெரிய மானக்கேடு.

கீழ்நாட்டிலிருந்து மலைக்கு உப்பு போக ஒரே ஒரு பாதைதான் இருந்தது. உப்புக்காரி சடைச்சி அதில்தான் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போவாள். மலையூரில்தான் தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தாள். உப்பு விற்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லுவாள். மகளைப் பார்க்கத்தான் போகிறாள் என்று கழுதைக்கே தெரியும்.

உப்புக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கழுதையின் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும். வழியில் ஒரு பக்கத்து உப்பு விற்றுப்போனால் பாரம் மறுபக்கம் சாயும். உடனே பாதையோரச் சரிவின் அடியிலிருந்து ஒரு கல்லை உருவிக் காலிச் சாக்கில் போட்டுச் சரிக்கட்டுவார்கள். மலையில் கல்லுக்கா பஞ்சம்? பாட்டன் எடுத்தான், அப்பன் எடுத்தான், சடைச்சியும் எடுத்தாள்.

ஓர் ஐப்பசியில், வானம் கறுத்துக்கொண்டு வந்த நேரம், பாதையின் குறுகலான வளைவில் முன்னால் போன கழுதை காதை விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. "மேல பாரு" என்றது. அன்றைக்கு மட்டும் சடைச்சி அதன் பேச்சைக் கேட்டாள். தலைக்கு மேலே இருந்த பெரிய பாறையின் அடியிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

"மதினி, ஒரே ஓட்டமா ஓடிருவமா?" என்றான் கூட வந்த கொழுந்தன் மொக்கையன்.

"சும்மா இருப்பா. நாம ஓடித் தப்பிச்சிருவோம். பாதை எங்க ஓடும்? இது உருண்டா பாதையையும் பள்ளத்துல தள்ளிட்டுத்தான் போகும். அப்புறம் எம்மகளை எந்த வழியில போய்ப் பாப்பேன்?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏ பாறை! இத்தனை காலமா ஒழுங்காத்தான உக்காந்திருந்த? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"விழணும்னு எனக்கு மட்டும் ஆசையா தாயி?" என்றது பாறை, மூச்சு வாங்கிக்கொண்டு. "என் காலுக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லைப் பூரா ஒண்ணொண்ணா உருவிட்டுப் போனது ஒங்க ஆளுகதான். இந்த மழைக்கு நான் தாங்க மாட்டேன்."

சடைச்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கழுதையின் முதுகிலேயே அப்போதும் ஒரு கல் தொங்கியது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றால் பாறை நிற்குமா? கல்லை இறக்கிப் பாறையின் அடியில் சொருகினாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. யாராவது இறுக்கிப் பிடித்தால்தான் உண்டு.

தேக்கைக் கேட்டாள். "வேரை வெளிய எடுக்குறதா? நாலு மரம் பாத்தா என்ன நினைக்கும்?" என்றது தேக்கு. மூங்கிலைக் கேட்டாள். "நான் தனியாச் சொல்ல முடியாது. எங்க ஆளுக எல்லாரையும் கேக்கணும்" என்றது மூங்கில். மற்ற மரங்கள் எல்லாம் திடீரென்று வானத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தன.

"நான் பிடிக்கிறேன் அக்கா."

பாறைக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் மண்ணில், குருவி எச்சத்தில் முளைத்து வளர்ந்த இச்சி மரம்தான் அப்படிச் சொன்னது. "எச்சத்துல பொறந்தவளுக்கு என்ன மானம் வேண்டிக் கிடக்கு? ஆனா மண்ணை விட்டு வேரை எடுத்துட்டா, தாகத்துக்கு எங்க போவேன்?"

"என் வெடிப்புல தங்குற மழையும் பனியும் ஒனக்குத்தான்" என்றது பாறை.

சடைச்சி ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு பாறையைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே எங்க ஆளுக ஒரு கல்லைத் தொட மாட்டாங்க. போறப்பெல்லாம் ஒன் காலடியில ஒரு கல்லு வச்சிட்டுத்தான் போவாங்க. இது உப்பு மேல சத்தியம்."

முதல் மழைத்துளி விழுந்தது. இச்சி பல்லைக் கடித்துக்கொண்டு வேர்களை மண்ணிலிருந்து உருவிப் பாறையின் மேல் வலையாக விரித்தது. மழை கொட்டியது. பாறை ஒருமுறை உறுமி முன்னால் நகர்ந்தது. வேர்கள் நசுங்கின, தட்டையாகின, ஆனால் விடவில்லை. பாறை அப்படியே நின்றது.

"மழை விடட்டும் மதினி, அப்புறம் போவோம்" என்றான் மொக்கையன்.

"அவ உசிரைக் கொடுத்துப் பிடிச்சிருக்கா. நாம பயந்து நின்னா அவளுக்கு என்ன மரியாதை?"

சடைச்சி கழுதைகளைப் பாறைக்கடியில் மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

மலையூரில் மகள் ஓடி வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "பாதி உப்பு கரைஞ்சு போச்சே ஆத்தா!"

"பாதை கரையலடி" என்று சொல்லி மகளைக் கட்டிக்கொண்டாள் சடைச்சி.

அன்று முதல்தான் இச்சி, கல்லிச்சி என்று பேர் வாங்கி, கூச்சமே இல்லாமல் வேரை வெளியே விரித்துப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மலைப்பாதையில் போகிறவர்கள் அதன் அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவதும் அன்று முதல்தான். சாமிக்கு வைக்கிறோம் என்று சிலர் சொல்லுவார்கள். சாமிக்கு ஒன்றும் இல்லை, எடுத்ததைத்தான் திருப்பி வைக்கிறோம்.