திருஷ்டிப் பொட்டில் கரைந்த முகம்

அந்தக் காலத்தில் படங்கள் பேசும். அவற்றைச் சுமப்பவர்களும் பேசுவார்கள். நகல் என்பது மட்டும் கிடையாது. இருக்கும் ஒரே படம்தான் ஊர் ஊராகப் போய்வர வேண்டும். வழியோ மிகக் குறுகல். அதனால் படத்தைச் சுருக்கி மூட்டை கட்ட ஓர் அக்காளும் தம்பியும் இருந்தார்கள்.

அக்காள் பிஎன்ஜி (PNG) எதையும் எறிய மாட்டாள். ஒரே நிறம் தொடரும் இடங்களை மடித்து வைப்பாள். கோட்டுச் சித்திரம் அவள் கையில் சின்னதாகிவிடும். ஆயிரம் சாயல் கொண்ட முகம் லேசில் மடியாது. தம்பி ஜேபெக் (JPEG) முகங்களைச் சுமப்பவன். கண் தேடாத சாயல்களைக் கழித்துப் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இசக்கியம்மாளுக்கு மகள் பிறந்தாள். பேச்சி என்று பேர் வைத்தார்கள். கடலுக்கு அப்பால் வேலையில் இருந்த தகப்பன் மாசானத்துக்குப் பிள்ளையின் புகைப்படத்தை அனுப்ப வேண்டும்.

"நான் கொண்டுபோறேன், ஆனா நாளாகும்" என்றாள் பிஎன்ஜி.

"நான் நாளைக்கே சேர்த்துருவேன்" என்றான் ஜேபெக்.

"ஒண்ணும் கொறையாதுல்லா எய்யா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

கட்டும்போதெல்லாம் கொஞ்சம் எறிவேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான். அந்த ஒரு பதில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வழியில் ஏழு சொந்தக்காரர் வீடுகள். முதல் வீட்டில் அத்தைக்காரி பிள்ளையைப் பார்க்க மூட்டையை அவிழ்த்தாள். "பச்சப்புள்ள, கண்ணு பட்டுரும்" என்று படத்தின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். அடுத்த வீட்டில் அதைத் துடைத்துவிட்டுப் பெரிதாக வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவன் மறுபடி கட்டினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எறிந்தான். பொட்டைச் சுற்றி அழுக்குப் படர்ந்தது.

ஐந்தாம் வீட்டில் படம் அழுதது. "போதும் அண்ணே, என் கண்ணு மங்குது."

ஆசையாகக் கை நீட்டும் சொந்தங்களிடம் எப்படி மறுப்பது? அவன் மறுக்கவில்லை.

கடலைக் கடந்து அவன் போய்ச் சேர்ந்த அன்றுதான், பேச்சி காய்ச்சலில் போய்விட்டாள் என்ற சேதியும் அங்கே வந்தது. மாசானம் மூட்டையை அவிழ்த்தான். கட்டம் கட்டமாக நிறங்கள், நடுவே ஒரு கறுப்புக் கறை.

"எம் மவ மூஞ்சி எங்கடே?"

ஜேபெக் வந்த வழியெல்லாம் ஓடித் தேடினான். எறிந்தது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இசக்கியம்மாளின் காலில் விழுந்து உண்மையைச் சொன்னான். அவள் அவனை ஏசவில்லை.

"எங்கிட்ட இன்னொண்ணு இல்லையே எய்யா" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கேட்டுக்கொண்டிருந்த படங்களுக்குத் தாங்கவில்லை. பேச்சை விட்டுக்கொடுத்து, நகலாகும் வரத்தைச் சாமியிடம் வாங்கிக்கொண்டன.

அன்று முதல்தான் படங்கள் பேசுவதில்லை. நாமும் மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டுமே ஜேபெக்கிடம் கொடுக்கிறோம். பேச்சியின் முகம் எப்படி இருந்தது என்று மாசானத்துக்குக் கடைசிவரை தெரியாது.