பெற்றவரைக் கேட்டாயிற்று

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஓர் அரசருக்கு நீளமான சட்டம் என்றாலே கொட்டாவி வந்தது. ஒரு நாள் ஆணையிட்டார்: "இனி எந்தச் சட்டமும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவில்தான் இருக்க வேண்டும். இடையில் மூச்சு வாங்கினால் அந்தச் சட்டம் செல்லாது."

மந்திரிகளும் புலவர்களும் உட்கார்ந்து நாட்டுச் சட்டங்களை எல்லாம் வெட்டிச் சுருக்கினார்கள். அரசுப் பாடசாலைக்கு இருந்த நீண்ட சட்டம் கடைசியில் இப்படி ஆயிற்று: 'பெற்றவரைக் கேட்டே பிள்ளையை நீக்கு.'

பிள்ளை செய்த குற்றம் என்ன என்று பெற்றவருக்குச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், அந்தப் பதிலைச் சபையில் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று முன்பு இருந்ததெல்லாம் அந்த ஒரு 'கேட்டே'க்குள் அடங்கிவிட்டது என்று அரசர் நம்பினார். பாடசாலைகளை மேற்பார்த்த வித்தியாதிகாரி சர்வோத்தமரும் அப்படியே அடங்கிவிட்டது என்று தலையாட்டினார்.

அரசரின் சபையில் பஞ்சநதம் என்று ஒரு விகடர். அரசரைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். தாம் கண் கெட்டுப் படித்து ஏறிய படிகளை இந்த மனிதர் வெறும் நாக்கை வைத்தே ஏறிவிட்டார் என்று சர்வோத்தமருக்கு அவர்மேல் தீராத பொருமல்.

ஒரு நாள் காலை விகடர் அரண்மனைக்குள் நுழையப் போகையில், வாசலில் நின்ற ஒரு பெண் அவருடைய மேல்துண்டைப் பற்றிக்கொண்டாள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்த விரல்கள். வாய் திறக்கவில்லை. கைகள் மட்டும் காற்றில் என்னென்னவோ சொல்லின.

"விடு அம்மா, விடு" என்று விலக்க வந்த காவலன், "ஊமைங்க ஐயா. பேரு காத்தாயி. காது கேக்கும், பேச்சு வராது. இவ பொண்ணு அஞ்சலையைப் பாடசாலையிலிருந்து நீக்கிட்டாங்க. தெனமும் வந்து இப்படித்தான் நிக்கிறா" என்றான்.

"இவளைக் கேட்டார்களா?"

"அதெல்லாம் முறைப்படிதான். அதிகாரி நேரா குடிசைக்கே போனாரு. 'உன் மகளை நீக்கியாச்சு, கேட்டதா?'ன்னு கேட்டாரு. இவ தலையாட்டினா. பெற்றவரைக் கேட்டாயிற்றுன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு."

விகடருக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லோரையும் இப்படித்தான் கேட்கிறாரா?"

"வாயுள்ளவன் 'கேட்டதுங்க சாமி'ன்னு சொல்லுவான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"பிள்ளை எங்கே?"

காவலன் குரலைத் தாழ்த்தினான். "நீக்கின பிள்ளைங்க எல்லாம் போற இடந்தான். கல்மலை. கல்லுடைக்க."

விகடர் காத்தாயியைக் கூட்டிக்கொண்டே சபைக்குள் போனார்.

"என்ன பஞ்சநதம், இன்றைக்கு என்ன வேடிக்கை?" என்றார் அரசர்.

"அரசே, தங்கள் சட்டத்துக்கு வாய் மட்டும் இருக்கிறது, காதைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தேன். இந்த அம்மாளை யாரும் கேட்கவில்லை."

சர்வோத்தமர் எழுந்தார். "கேட்டாயிற்று, அரசே. இவள் மகள் செய்த குற்றத்தைத் தாங்கள் அறிய வேண்டும். காலை வணக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் 'அரசர் வாழ்க' என்று வாயாரச் சொல்ல, அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு தலைக்கு மேல் கையைக் கவிழ்த்துக் காட்டினாள். அரசர் தலையில் இடி விழட்டும் என்பது அதன் பொருள்."

அரசரின் முகம் இருண்டது. விகடர் அதைப் பார்த்துவிட்டார். இனி தவறாக ஒரு சொல் விழுந்தாலும் அந்தப் பிள்ளை மலையிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

சர்வோத்தமர் விடவில்லை. "விகடருக்கு ஐயம் இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். இன்று சபை கலைவதற்குள் இந்தத் தாயின் பதில் அரசரின் செவியில் விழட்டும். விழுந்தால் மகள் பாடசாலைக்குத் திரும்பட்டும். விழாவிட்டால் மகள் மலையிலேயே இருக்கட்டும், விகடரும் அங்கே போய்க் கல்லுக்கு விகடம் சொல்லட்டும்."

சபையில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊமையைப் பேச வைக்க விகடரால் ஆகுமா?

"சம்மதம்" என்றார் விகடர். "இவள் கை பேசும். அதைப் படிக்கத் தெரிந்தவள் இவள் மகள் ஒருத்திதான். அந்தப் பிள்ளையை அழைக்க வேண்டும்."

"முடியாது" என்றார் சர்வோத்தமர். "பாடசாலைப் பிள்ளைகள் சபைக்கு வரலாம். நீக்கப்பட்டவர்களுக்கு இங்கே இடமில்லை."

"நீக்கப்பட்டவளா? பெற்றவரைக் கேட்டீரா?"

"எத்தனை முறை சொல்வது? கேட்டேன்."

"நல்லது. கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள்?"

"ஊமை என்னய்யா சொல்வாள்? ஒன்றும் சொல்லவில்லை."

விகடர் அரசரை நோக்கிக் கைகூப்பினார். "அரசே, சொல்லாத ஒன்றை அதிகாரி எப்படிக் கேட்டிருப்பார்? கேட்கவில்லை என்றால் நீக்கம் இல்லை. நீக்கம் இல்லை என்றால் அஞ்சலை இந்த நிமிடமும் தங்கள் பாடசாலைப் பிள்ளை. பாடசாலைப் பிள்ளை சபைக்கு வரலாம் என்று அதிகாரியே சற்று முன் சொன்னார்."

"அழைத்து வாருங்கள்" என்றார் அரசர்.

மலையிலிருந்து பிள்ளை வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்பது பத்து வயது இருக்கும். இமை மயிரெல்லாம் கல்தூள். இரண்டு கைகளிலும் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. தாயைக் கண்டதும் கைகளைத் தூக்கினாள். துணிக்குள் விரல்கள் மடங்கவில்லை. மகளின் கைகள் ஊமையாகிப் போனதைப் பார்த்த காத்தாயியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அஞ்சலை, உன் அம்மா சொல்வதை அப்படியே அரசரிடம் சொல்" என்றார் விகடர்.

காத்தாயி உள்ளங்கையைத் தலைக்கு மேல் கவிழ்த்தாள். பிறகு அந்தக் கையை நெஞ்சுக்கு இறக்கி, மலர்த்தி, மேலே உயர்த்தினாள்.

சர்வோத்தமர் துள்ளினார். "பார்த்தீர்களா? அதே கை."

"குடைங்க" என்றாள் அஞ்சலை மெல்ல. "தலைக்கு மேல குடை இருந்தா ராஜா. நெஞ்சுலருந்து மேல தூக்கினா நல்லா இருக்கணும்னு அர்த்தம். 'ராஜா நல்லா இருக்கணும்'னு அம்மா சொல்லுது. நானும் அன்னைக்கு அதைத்தான் சொன்னேன்."

அரசர் கேட்டார்: "வாயால் ஏன் சொல்லவில்லை?"

"எங்க வீட்டுல சாமி கும்பிடறதே கையாலதானுங்க. நல்ல வார்த்தைன்னா கை தானா வந்துடும். வாயால சொன்னா அம்மாவை விட்டுட்டு நான் மட்டும் சொல்ற மாதிரி இருக்குங்க."

அரசர் தம் தலைக்கு மேலிருந்த வெண்கொற்றக் குடையை அண்ணாந்து பார்த்தார். பார்வை கீழே இறங்கியபோது அது சர்வோத்தமர்மேல் நின்றது. "வாழ்த்தியவளையா கல்லுடைக்க அனுப்பினீர்? இந்தக் கணமே உம்மைப் பதவியிலிருந்து நீக்குகிறேன்."

சபை உறைந்து நின்றது. அப்படிப்பட்ட அமைதியைக் கண்டால் விகடருக்கு நாக்கு அரிக்கும். பழக்க தோஷம், யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"அவசரம் வேண்டாம் அரசே. சட்டம் என்ன? பெற்றவரைக் கேட்டே பிள்ளையை நீக்கு. சர்வோத்தமரும் ஒருவர் பெற்ற பிள்ளைதானே? ஊரிலிருந்து அவருடைய தாயாரை வரவழைத்துக் கேட்டுவிடலாம்."

அரசர் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் வெடித்துச் சிரித்தார். சபையே சிரித்தது. அரசருக்குக் கண்ணில் நீர் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் கோபமெல்லாம் கரைந்து போயிற்று. "போம் சர்வோத்தமரே, உம்முடைய தாயாரின் புண்ணியத்தில் பிழைத்துப் போம். பாடசாலையை இனியாவது ஒழுங்காகப் பாரும்" என்றார். சர்வோத்தமர் விழுந்து வணங்கிவிட்டுத் தம் ஆசனத்திலேயே போய் அமர்ந்தார்.

விகடருக்கு அப்போதுதான் உறைத்தது. தாம் சொன்ன ஒரு விகடம் யாருக்குப் பயன்பட்டது என்று.

அரசர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். அஞ்சலை நாளை முதல் பாடசாலைக்குப் போகலாம் என்று ஆணையிட்டார். அப்போது காத்தாயியின் கைகள் மறுபடி எழுந்தன. வேகமாக, நெடுநேரம் அசைந்தன.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அரசர் சிரிப்பு மாறாமல்.

அஞ்சலை தாயைப் பார்த்தாள், சர்வோத்தமரைப் பார்த்தாள். "ரொம்ப நன்றின்னு சொல்லுதுங்க."

"அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை கையாட்டமா?" என்று அரசர் இன்னொரு முறை சிரித்தார்.

வெளியே வந்ததும் விகடர் குனிந்து கேட்டார். "உன் அம்மா உண்மையில் என்ன சொன்னாள்?"

பிள்ளை துணி சுற்றிய கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்கூட மலையில நெறைய பசங்க இருக்காங்க. அவங்க அப்பா அம்மாவுக்கெல்லாம் வாய் நல்லாத்தான் இருக்கு. அவங்களை ராஜா எப்ப கேப்பாருன்னு கேட்டுச்சு. நான் சொல்லல. திரும்ப மலைக்கு அனுப்பிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

விகடர் முத்துமாலையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, "அவர்கள் வீடெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். காத்தாயி தலையாட்டினாள்.

மறுநாள் சபை கூடியபோது விகடரின் ஆசனம் காலியாக இருந்தது. முறையிட வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் அவர் நின்றார். பின்னால் ஒரு கூட்டம்: கொல்லனும், மீன்காரியும், கைக்குழந்தையோடு ஒருத்தியும், இன்னும் பலரும், இதுவரை யாரும் கேட்காத பெற்றவர்கள்.

அரசர் அவர்களைப் பார்த்தார். விகடரைப் பார்த்தார். இன்றைக்கும் ஏதோ வேடிக்கை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாய் திறக்குமுன்பே சிரிக்கத் தொடங்கினார்.