முப்பத்துநாலு அங்குல மட்டை

விடிந்தால் சாஃப்ட்பால் போட்டி. தையல்காரி குருவம்மாளின் பத்து வயது மகள் நிரோஷாவிடம் முப்பத்துநாலு அங்குல மட்டையைக் கொடுத்து, "இதில் அடித்தால்தான் அணியில் இடம்" என்று சொல்லியிருந்தார் பயிற்சியாளர் தங்கதுரை. அவரே இப்போது, போட்டிக்குப் போட்டுக்கொள்ள அவசரமாக ஒரு பேன்ட் தைக்க, அவள் கடைக்கு அளவு கொடுக்க வந்து நின்றார்.

"சார், பிள்ளையால அதைத் தூக்கவே முடியல. சின்னதா ஒண்ணு கொடுங்களேன்."

"வளர்ற பிள்ளைம்மா! பெருசுலதான் பழகணும். உனக்கென்ன தெரியும்?"

பயந்துகொண்டே அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். "நாற்பது இருக்கு. ஐம்பதா தைச்சிடுறேன் சார்."

"எதுக்கு?"

"தொப்பையும் வளருதே சார்."

"நாளைக்கு மைதானத்துல அவிழ்ந்து விழுந்தா?"

"அவளும் நாளைக்குத்தானே சார் ஆடணும்?"

துணி தைக்கக் கொடுக்கக் காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தங்கதுரை தொண்டையைச் செருமினார்.

"இருபத்தெட்டு அங்குல மட்டை போதுமா?"

"போதும் சார்."

அதற்குப் பிறகுதான் குருவம்மாள் நோட்டில் நாற்பது என்று எழுதினாள்.