பேரில்லாததெல்லாம் என்னுது

ஒரு ஊர்ல ஒரு பண்ணையார் இருந்தான். "இருந்தார்"னு சொல்ல என் வாய் வராது, "இருந்தான்"தான். நீ ம் கொட்டிக்கிட்டே கேளு. ம் நின்னா கதையும் நின்னுடும்.

ம்.

அவன் பண்ணுன அநியாயத்தை வரிசையாச் சொல்றேன். வரிசையை மாத்தக் கூடாது. ஒண்ணு தோள்மேல ஒண்ணு ஏறி வந்தது அது. மொதல்ல குளத்தங்கரைப் புறம்போக்கை எடுத்தான். "பத்திரத்துல யார் பேராவது இருக்கா? இல்லையில்ல? பேரில்லாததெல்லாம் என்னுது"ன்னான். ரெண்டாவது, கரை வழியாத்தானே குளத்துல இறங்கணும், அதனால குளமும் அவனுதாச்சு. மூணாவது, தண்ணி அவன் கையில இருக்குங்கற தைரியத்துல கூலியைக் குறைச்சான். நாலாவது, ஏன் குறைச்சேன்னு கேட்டவங்க கூரையை அடைமழையில பிரிச்சுப் போட்டான். அஞ்சாவது, செத்தான்.

செத்தது எப்படி அநியாயம்னு பாக்கறியா? செத்தும் போகலையே, அதான்.

ம்.

அவன் மக்கமாருங்க பங்களாவைப் பூட்டிட்டுப் பட்டணம் போயிட்டாங்க. அப்புறம் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். தெருவுல சத்தம். டொக்... டொக்... டொக்... அவன் பூண் போட்ட கைத்தடி. தடி தெரியுது, தலைப்பாகை தெரியுது, நடுவுல மூஞ்சி இல்லை.

ராசகிளின்னு ஒருத்தி, வாசல்ல தவலையை வச்சிருந்தா. அது கிட்டப் போய் நின்னுச்சு.

"இது யாரோடது?"

ராசகிளி கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு தாழ்ப்பாளைப் போட்டா.

"பேரில்லையா? அப்போ என்னுது."

தவலை போச்சு. மறுநாள் அந்திக்குப் பூட்டுன பங்களாவுக்குள்ள யாரோ தண்ணி மொள்ற சத்தம். களக்... களக்...

அப்புறம் கன்னியப்பன் ஆடு. "இது யாரோடது?" கன்னியப்பன் ஊர்ல பெரிய வாய்க்காரன். அன்னைக்கு அந்த வாய் எங்க போச்சோ. மறுநாள் பங்களாவுக்குள்ளேருந்து, ம்மே... ம்மே... பூட்டு பூட்டுனபடியே இருக்கு, ஜன்னல்ல ஒட்டடை கிழியலை. உள்ள ஆடு கத்துது.

ம்...

பயமா இருக்கா? கிட்ட வா. பூங்காவனத்துக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

பூங்காவனம் நடவுக்காரி. அவ வரிசை பிடிச்சா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். நடவு மெஷின் வந்துச்சு, அவ கை சும்மா கிடந்துச்சு. அவளுக்குப் புருசன் இல்லை, தம்பி வீட்டுல இருந்தா. தம்பி தசரதன் செங்கல் சூளைக்குப் போயிட்டான். வீட்டுல தம்பி பொண்டாட்டி அமிர்தம், அவ பெத்த பச்சைப் பொம்பளைப் புள்ளை. அந்தப் புள்ளைக்குப் பேர் இல்லை.

ஏன்னா, இதுக்கு மூத்தது ரெண்டு. ரெண்டுக்கும் ஆசையாப் பேர் வச்சாங்க, ரெண்டும் போயிடுச்சு. "பேர் வச்சா எமனுக்கு அடையாளம் தெரிஞ்சுடுது அண்ணி, இது எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் வைக்கலாம்"னு அமிர்தம் அழுவா. பாப்பா, பாப்பான்னுதான் கூப்பிட்டாங்க.

இப்போ நினைச்சுப் பாரு. பேரில்லாததெல்லாம் என்னுதுங்கறவன் தெருவுல நடக்கறான். தூளியில பேரில்லாத புள்ளை. விளக்கு வச்சா பூங்காவனத்துக்குக் கை கிடுகிடுன்னு ஆடுது. சும்மா இருக்கிற கைதான் ஆடும்னு அவளுக்குத் தெரியும்.

"கைக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்டி ராசகிளி. செலவு வைக்கக் கூடாது. நாலு பேருக்கு உதவவும் வேணும்."

"பொழுதுபோக்கா? அதெல்லாம் பெரிய வீட்டு அம்மாங்களுக்குக்கா. நமக்குப் பொழுது போனாப் போதாதா?"

"ஏன், அவங்களுக்கு மட்டும்தான் பொழுதா?"ன்னா பூங்காவனம்.

மொதல்ல ஒயர் கூடை பின்னுனா. கூடை அழகா வந்துச்சு, ஆனா ஒயர் வாங்குற விலைக்குக் கூடையையே வாங்கிடலாம். விட்டுட்டா. அப்புறம் கிழிஞ்ச துணிங்களை ஒட்டுப் போட்டுத் தெருவுக்கே போர்வை தைக்கறேன்னு உக்காந்தா. செலவில்லைதான். ஆனா தையலுக்குச் சத்தம் இல்லையே! ஊசி உள்ள போகும், டொக்னு தெருவுல கேக்கும், ஊசி விரல்ல ஏறும். போர்வை பூரா ரத்தப்பொட்டு. அதையும் விட்டுட்டா.

அப்புறம் சந்தையில பாத்திரக்கடைக்காரன் பேர் வெட்டுறதைப் பாத்தா. சின்ன உளி, சின்னச் சுத்தி. டிக் டிக் டிக்னு புள்ளி புள்ளியா வைக்கறான், புள்ளி சேந்து எழுத்தாகுது. அட, நாத்து வைக்கற மாதிரி! பூங்காவனத்துக்குக் கூலிக்காரங்க சங்கத்து நோட்டீஸைக் கூட்டிக் கூட்டிப் படிச்ச படிப்பு இருக்கு. வீட்டுக்கு வந்தா, பழைய ஆணி ஒண்ணு தேடுனா, வழவழன்னு ஒரு கல்லை எடுத்தா. காலணா செலவில்லை. தன் சொம்புல தன் பேரையே வெட்டிப் பாத்தா. டிக் டிக் டிக். கை ஆடலை! தெருவுல டொக்னு கேட்டா, உள்ளேருந்து டிக்னு பதில் போகுது.

ம்.

ராசகிளி புதுசா ஒரு தவலை வாங்கிட்டு வந்தா. "எங்க வீட்டுக்காரர் பேரை வெட்டுக்கா."

"சொல்லு, என்ன பேரு?"

"அதான்க்கா... பழனியில நிக்குமே சாமி..."

"முருகனா?"

"இல்லக்கா, கையில கோல் வச்சிருக்குமே..."

"தண்டபாணியா? அடியே, புருசன் பேரைச் சொல்ல வாய் வரலை, தவலையில மட்டும் அவன் பேரா? தேய்க்கறது யாரு?"

"நான்தான்."

"சுமக்கறது?"

"நான்தான்க்கா."

"அப்போ உன் பேருதான்"னு சொல்லி ராசகிளின்னு வெட்டிட்டா.

அன்னைக்கு அந்தி. டொக்... டொக்... "இது யாரோடது?" தவலையே பேசுச்சு. அது குனிஞ்சு பாத்துச்சு. "ரா... ச... கி... ளி..." புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. நகந்து போயிடுச்சு!

விடிஞ்சதும் பூங்காவனம் வாசல்ல கூட்டம். சட்டி, குண்டான், கலப்பை, ஆட்டுக்கழுத்து மணி. கன்னியப்பன், "என் செருப்புல வெட்டுவியா?"ன்னு கேட்டான். "உன் வாயில வெட்டறேன், தொலைஞ்சு போனா அடையாளம் தெரியும்"னா. தெருவே சிரிச்சுது. எத்தனையோ நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு.

ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் அவ வெட்டலை. அவ வீட்டுலேயே ஒரு பித்தளைக் குடம். அமிர்தம் கல்யாணத்துக்குப் பண்ணையார் குடுத்தது. குடுக்கும்போதே கழுத்துல அவன் பேரைக் கொட்டை எழுத்துல வெட்டித்தான் குடுத்தான். "ஐயையோ, பெரிய வீட்டுக் குடம் அண்ணி, அது மேல ஆணி வைக்காதீங்க"ன்னா அமிர்தம். பூங்காவனமும் கையை இழுத்துக்கிட்டா. பாரேன், அவ்வளவு வாய் பேசுறவ! பழகுன பயம் சாமானியத்துல போகாது.

ம்... ம்.

அப்புறம் மறுநாள் அந்தி. டொக்... டொக்... தவலையைத் தாண்டுச்சு. ஆட்டைத் தாண்டுச்சு. டொக். பூங்காவனம் வாசல்ல நின்னுச்சு.

"இந்த வீட்டுல என் பேர் இருக்கே."

தாழ்ப்பாள் தானா நகருது. சரக்... கதவு கிர்ருன்னு திறக்குது. பூட்டிக் கிடந்த ரூம் வாடை குப்புன்னு வீசுது. அது உள்ள வந்து தூளிகிட்ட நின்னுச்சு.

"இது யாரோடது?"

"எங்களுது"ன்னா பூங்காவனம். குரல் கீச்சுன்னு வந்துச்சு.

"பேரு?"

பேரு இல்லை. தூரத்துல பங்களாவுக்குள்ள ஒரு சத்தம். கிரீச்... கிரீச்... அங்க ஒரு தூளி ஆடுது. புள்ளைக்கு இடம் தயாரா வச்சிருக்கு! இங்க தூளியில புள்ளை வாயைத் திறந்து அழுவுது, சத்தம் வரலை. அழுகைச் சத்தம் பங்களாவுலேருந்து வருது. அமிர்தம் தலையில அடிச்சுக்கறா.

அப்போ அது குரலைத் தேனாக்கிக்கிச்சு. "நானே ஒரு பேர் வைக்கறேன். குப்பைன்னு வை. விட்டுட்டுப் போறேன்."

"வெட்டுங்க அண்ணி! குப்பைன்னே வெட்டுங்க, புள்ளை பொழைச்சாப் போதும்!"

பூங்காவனம் பால் புகட்டுற பாலாடையை எடுத்தா. ஆணியை வச்சா. கல்லை ஓங்குனா. அப்போ குடம் கண்ணுல பட்டுச்சு. அவன் குடுத்த குடம், அவன் போட்ட பேரு. அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உள்ள வந்தான்? இப்போ புள்ளை மேலயும் அவன் பேர் போட்டா, எப்போ வேணா வந்து எடுத்துக்கிட்டுப் போவான்ல?

ஆணியைக் குடத்துக்கு மாத்துனா. கண்ணை இறுக மூடிக்கிட்டா. டங்! அவன் பேர் நடுவுல ஒரு கீறல். டங்! டங்! இருந்த இடம் தெரியாம அடிச்சா. அது ஊளையிட்டுக்கிட்டு வாசப்படிக்கு வெளிய போய் விழுந்துச்சு. ஆனா போகலை. அங்கேயே நின்னு, "பேரு... பேரு..."ங்குது. புள்ளை கை சில்லுன்னு ஆயிடுச்சு.

"அமிர்தம், மனசுக்குள்ள இதை என்ன சொல்லிக் கூப்பிடுற? பெத்தவ கூப்பிடாம இருந்திருக்க மாட்டே."

"வேணாம் அண்ணி, எமன்..."

"எமனுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம்டி. வாசல்ல நிக்கறவனுக்கு மொதல்ல சொல்லு."

அமிர்தம் அவ காதுல ஒரு பேரைச் சொன்னா. பூங்காவனம் பாலாடை மேல குனிஞ்சா. டிக் டிக் டிக். வாசல்ல டொக் டொக் டொக். டிக் டிக். டொக் டொக். வெட்டி முடிச்சு நிமிந்தா.

அது சிரிச்சுது. "சாட்சி யாரு? சாட்சி இல்லாத பேர் செல்லாது. இந்தத் தெருவுல எவன் கதவைத் திறப்பான்?"

"ராசகிளி! கன்னியப்பா! வெளிய வாங்க!" பூங்காவனம் கத்துனா. "வாங்க!" ஒருத்தரும் வரலை. "நாளைக்கு உங்க வீட்டுத் தூளிக்கும் வருவான், வாங்கடா!"

கிரீச். ஒரு கதவு. கையில சிம்னி விளக்கு, பல்லு தந்தியடிக்குது, ராசகிளி வர்றா. "நான் ஒரு சாட்சிக்கா." கிரீச். "நானும் ஒண்ணு." கன்னியப்பனுக்கு வேட்டி அவுந்து போச்சு, இடுப்புல பிடிச்சுக்கிட்டே வர்றான். கிரீச், கிரீச், கிரீச். தெருப் பூரா விளக்கு.

ம்...

புள்ளைக்கு அத்தைதானே மூணு தரம் பேர் சொல்லணும். பூங்காவனம் பாலாடையைத் தூக்கிப் பிடிச்சு ஒரு தரம் படிச்சா. பங்களாவுல தூளி நின்னுச்சு. ரெண்டாந்தரம் படிச்சா. புள்ளையோட அழுகை புள்ளை வாய்க்கே திரும்பி வந்துச்சு, வீல்! கைத்தடி மட்டும் இன்னும் படியில நிக்குது, ஆடிக்கிட்டு. இன்னொரு தரம் பேர் கேட்டா அதுவும் விழுந்துடும்.

மூணாந்தரம் கேட்டதும் நீ கண்ணை மூடிக்கணும். அதுக்கு மேல கதைக்கு வழி இல்லை, உனக்கும் முழிப்பு இல்லை. பூங்காவனம் எழுத்து எழுத்தாக் கூட்டி, தெருவே கேக்கப் படிச்சா:

"தசரதன், அமிர்தம் பொண்ணு... வடிவரசி!"