பூச்சாண்டியின் எட்டாவது உருண்டை

பிள்ளைக்குப் பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு குரு இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடன், பூச்சாண்டி. பிள்ளைகள் சாப்பிட அடம்பிடித்தால் அம்மாக்கள் கூப்பிடுவார்களே, அதே பூச்சாண்டிதான்.

ஒருநாள் அவன் குருவின் முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.

"சாமி, நான் இதுவரைக்கும் ஒரு பிள்ளையையாவது பிடிச்சிருக்கேனா?"

"இல்லை."

"மூணு வேளையும் கூப்பிடுறாங்க. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். பிள்ளை பயந்து வாயைத் திறக்குது. உடனே, 'பாப்பா சாப்பிட்டுட்டா, நீ போ'ங்கிறாங்க. நீ சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேட்டதில்லை."

"பசியா?"

"பசியைப் பொறுத்துக்குவேன், சாமி. என்னைப் பார்க்காமலே பிள்ளைங்க பயப்படுதே, அதைத்தான் தாங்க முடியலை."

"இனிமே கூப்பிட்டா முன்னால போய் நில்லு."

மறுநாள் மத்தியானம் மேலத்தெருவில் செங்கமலம் கூப்பிட்டாள். பூச்சாண்டி தலையை வாரிக்கொண்டு நேராக உள்ளே போனான். நிலைப்படி நெற்றியில் இடித்தது.

செங்கமலத்தின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவள் மகள் அல்லிக்கு மூன்று வயசு. அந்தக் குட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, மாமாவுக்கு இடிச்சிருச்சு. மாமா, உக்காரு. ஆ காட்டு."

அவன் ஆ காட்டினான்.

சாயங்காலம் குன்றேறி வந்தவனின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் குரு.

"ஏழு உருண்டை, சாமி. அவளும் ஏழு."

"பயந்தாளா?"

"தோள்ல ஏறி உக்காந்துட்டா. இறங்கவே மாட்டேன்னுட்டா."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?"

பூச்சாண்டி நெளிந்தான்.

"எட்டாவது உருண்டை வேண்டாம்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டோம். அந்த அம்மா விடலை. 'திறக்கலைன்னா குன்று மேல இருக்கிற சாமியாரைக் கூப்பிடுவேன். சடையும் தாடியுமா வந்து, ரெண்டு பேரையும் கோணியில கட்டித் தூக்கிட்டுப் போயிருவாரு'ன்னாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"பயத்துல எட்டாவதையும் தின்னுட்டேன்."

குரு தாடியைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கு அவங்க கூப்பிட்டா நான் வர்றேன்னு சொல்லிடு. எனக்கும் ஏழு போதும்."

மறுநாள் ரெண்டு பேருமாகக் குன்று இறங்கி, மேலத்தெருவுக்குப் போய், செங்கமலம் குருவைப் பார்த்ததும்... இதோ வர்றேன் அத்தே, குழாயில தண்ணி வந்துருச்சாம், நான் போய் ரெண்டு குடம் பிடிச்சுட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன்.