ஜப்பான் மலைக்கு ஓமத்தண்ணி

தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் திருமலைக்கொழுந்து கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வாயைத் திறந்தால் மட்டும் அடைக்கத் தெரியாது. மனைவி உலகம்மாளுக்கு அது பழகிவிட்டது. பழகாதவர்கள் பயந்தார்கள். மகள் நிவேதாவுக்குக் கூடி வந்த இரண்டு நல்ல வரன்கள் அவர் வாயால்தான் கலைந்தன. "அப்பா பேச்சே இப்படி இருந்தா, குடுத்த ஜாதகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், கடைசியாக வந்தவர்கள்.

இப்போது வந்திருப்பது அம்பாசமுத்திரத்து வரன். பையன் பெயர் முகிலன், கல்லூரியில் வாத்தியார். நிவேதா பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். பையனின் அப்பா பிரமநாயகம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர்.

வீட்டில் வைத்துப் பெண் பார்த்தால் தெருவே பேசும். சீசன் நேரமாக இருந்ததால், குளிக்கப் போகிற சாக்கில் இரண்டு குடும்பமும் குற்றாலத்தில் சந்தித்துக்கொள்வது என்று முடிவானது. காலையில் கிளம்பும்போது உலகம்மாள் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஜப்பானை மட்டும் எடுக்காதீங்க."

"நான் எதுக்கு எடுக்கேன்?" என்றார் அவர்.

ஜப்பான் விஷயம் இதுதான். மூத்தவன் சிவராமனுக்கு அங்கே சென்டாய் என்ற ஊரில் வேலை. போன தை மாதம் அப்பா அம்மாவை வரவழைத்து, வடக்கே அகிதா மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாக ஊறி வருகிறது. அதைத் தொட்டிகட்டித் தேக்கிக் கழுத்தளவு உட்கார்ந்து குளிக்கிறார்கள். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். திருமலைக்கொழுந்து வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார். ரோட்டோரத்தில் கால் நனைக்க ஒரு சின்னத் தொட்டி இருந்தது. ஊருக்குத் திரும்பும்வரை அதில்தான் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளித்தது உலகம்மாள்தான். முதல்நாள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே உள்ளே போனாள். இறங்குவதற்கு முன் உடம்பைத் தேய்த்துக் கழுவும் இடத்தில், பக்கத்திலிருந்த ஒரு வயதான ஜப்பான்காரி, கேட்காமலேயே இவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உலகம்மாளின் முதுகை யாரும் தேய்த்துவிட்டதில்லை. பிறகு திறந்தவெளித் தொட்டியில், நாடிவரைக்கும் வெந்நீர் இருக்க, தலையில் பனி பூப்போல விழ, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதைக் கொஞ்சம்போல கணவரிடம் சொன்னாள். சொன்னது தப்பாகப் போயிற்று. ஊருக்கு வந்ததும், அவர் சொன்ன கதையில், அந்தப் பனி அவர் தலையில் விழத் தொடங்கிவிட்டது.

குற்றாலத்தில் எல்லோரும் எண்ணெய் தேய்த்து ஊறவைத்திருந்த நேரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். மலையில் நல்ல மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எண்ணெய் உடம்போடு சீட்டில் உட்கார வேன் டிரைவர் சம்மதிக்கவில்லை. பையனும் பெண்ணும் மங்குஸ்தான் வாங்கப் போயிருந்தார்கள். பெரியவர்கள் நாலு பேரும் தகரக் கொட்டகைக்குள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் இவர்களைப் போலவே எண்ணெய் பூசிய ஆண்கள், துண்டோடு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல்.

பிரமநாயகம்தான் எடுத்துக் கொடுத்தார்.

"உங்க மூத்தவன் ஜப்பான்ல இருக்கானாமே. நீங்க போயிருந்தீங்களோ?"

உலகம்மாள் கணவரின் காலை மிதித்தாள். எண்ணெயில் வழுக்கிவிட்டது.

"போகாம இருப்பேனா அண்ணாச்சி?" என்றார் திருமலைக்கொழுந்து. "பனின்னா சாதாரணப் பனி கிடையாது. லாட்ஜுக்குள்ள மூணாவது மாடி ஜன்னல் வழியாத்தான் போனோம். கீழ ரெண்டு மாடியும் பனிக்குள்ள. ரிசப்ஷன்காரன் ஜன்னல்ல உட்கார்ந்து சாவி குடுக்கான்."

"பனி அதிகம் விழுற ஊர்னு நானும் படிச்சிருக்கேன்" என்றார் பிரமநாயகம்.

இதோடு நின்றால் நல்லது என்று உலகம்மாள் நினைத்தாள்.

"வெளிய அவ்வளவு குளிரு, ஆனா தண்ணி அடுப்புல வச்ச மாதிரி. மலை பூரா ஆவி. இவ ஒரு தூக்குவாளில இட்லி மாவு கொண்டு வந்திருந்தா. மூடியைத் திறந்து, தட்டுல ஊத்தி, ஒரு பாறை இடுக்குல காட்டினேன். பத்து எண்ணி முடிக்கதுக்குள்ள இட்லி. வாசம் பிடிச்சு ஊரே வந்துட்டு. எல்லாத்துக்கும் போட்டுக் குடுத்தோம்."

உலகம்மாள் கொண்டுபோனது ஒரு பொட்டலம் இட்லிப்பொடி.

"இட்லி மாவை எப்படி விமானத்துல விட்டான்?" என்று கேட்டார் பிரமநாயகம்.

"புளிக்காத மாவுன்னா விடுவான். புளிச்ச மாவு மேல போனா பொங்கும், அதுக்குத்தான் தடை. கையெழுத்து வாங்கிட்டு விட்டான்."

பிரமநாயகம் இதை மனதுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது போலிருந்தது. இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் நகர்ந்து கிட்டே வந்து, "சட்னி?" என்றார்.

"தேவைப்படல. தண்ணில கந்தகம் இருக்கு, அதுவே காரமா இருந்துச்சு."

கொட்டகையில் இன்னும் நாலைந்து பேர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். உலகம்மாள் அருவிப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று விழுந்துகொண்டிருந்தது. இப்போதைக்குத் திறக்க மாட்டார்கள்.

"எனக்கு மூட்டுவலி தெரியும்லா அண்ணாச்சி. அந்தத் தண்ணி மருந்துத்தண்ணி. முதல்ல சூடு பாக்கதுக்கு இடது காலை மட்டும் விட்டேன். அந்த நேரம் பார்த்து சாப்பிடக் கூப்பிட்டாங்க. எழுந்து நடந்தா, இடது காலுக்கு இருபது வயசு. வலது கால் என் வயசு. நேராப் போகணும்னா முடியல. இடது கால் முன்னால ஓடுது, வலது கால் பின்னால கிடக்கு, நான் நின்ன இடத்துலயே வட்டம் சுத்துதேன். பிறகு இவதான் என்னைத் தள்ளிக்கொண்டு போயி வலது காலையும் விடவச்சா."

"இப்போ ரெண்டு காலும் ஒரே வயசாத்தான் தெரியுது" என்றார் பிரமநாயகம். "உங்க வயசு."

"ஆமா. திரும்பி வரும்போது வயசு ஏறிட்டு. அங்கயும் இங்கயும் மூணரை மணி நேரம் வித்தியாசம் பாத்துக்கோங்க. அதைக் கழிச்சுட்டுத்தான் விடுவாங்க."

பிரமநாயகத்தின் மனைவி சண்முகவடிவு காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் எண்ணெய் வழிய, மடியில் கைகோர்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போது லேசாகத் திரும்பித் திருமலைக்கொழுந்தின் கால்களைப் பார்த்தாள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று உலகம்மாளுக்குப் புரியவில்லை.

பிரமநாயகம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரத்தில் பிழை கண்டுபிடித்த நிமிர்வு.

"அந்த ஊர்க் குளிப்பிடங்கள்ல பச்சை குத்தினவங்களை உள்ள விடமாட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். உங்க கைல பச்சை இருக்கு."

இருந்தது. வலது முன்கையில் 'உலகம்மாள்' என்று பெரிய எழுத்தில், கல்யாணமான புதிதில் குத்தியது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். போயிற்று என்று உலகம்மாள் நினைத்தாள். நிவேதாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"விடல" என்றார் திருமலைக்கொழுந்து, கொஞ்சமும் அசராமல். "என் சம்சாரம் பேரு, அழிக்கவும் முடியாதுன்னு சொன்னேன். இந்தத் தண்ணில அழியாதது ஒண்ணும் கிடையாதுன்னுட்டு வாசல்ல நின்ன ஆளு என் கையைப் பிடிச்சு முக்கிட்டான். முக்கினானா, எழுத்து ஒவ்வொண்ணாக் கழண்டு மிதக்குது. முதல்ல 'உ' போகுது, பின்னாலயே 'ல' போகுது, 'க' போகுது. 'ம்' மேல இருந்த புள்ளி தனியாக் கழண்டு கடுகு மாதிரி மிதக்கு. அந்தப் பக்கம் ஒரு ஜப்பான் பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எல்லா எழுத்தும் போயி அவர் முதுகுல வரிசையா ஒட்டிக்கிட்டு."

"பிறகு?" என்றார் சட்னி கேட்டவர்.

"பிறகென்ன? அவருக்கும் வீடு வாசல் இருக்கு. முதுகுல இன்னொருத்தி பேரோட வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்? நான் நீந்திப் போயி, அவருக்குத் தெரியாம ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்து, என் கைல திரும்ப ஒட்டினேன். அவசரத்துல கடைசி 'ள்' மட்டும் சாஞ்சுட்டு. பாருங்க."

கையை நீட்டினார். பிரமநாயகம் மடித்துவைத்திருந்த சட்டையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். 'ள்' சாய்ந்துதான் இருந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் குத்தும்போது வலி தாங்காமல் திருமலைக்கொழுந்து கையை இழுத்ததில் ஆன கோணல் அது. உலகம்மாள் அப்போது பக்கத்தில் நின்றாள். பிரமநாயகம் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாஞ்சிருக்கு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொட்டகையில் இருந்த எண்ணெய்த்தலைகள் எல்லாம் இப்போது இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தன. அவ்வளவு முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்துவது அவரால் ஆகிற காரியமில்லை.

"கிளம்புற அன்னைக்குத்தான் பெரிய விஷயம். காலைல போனா தண்ணி நின்னு போச்சு. ஒரு சொட்டு வரல. அந்தக் கிராமத்துக்குப் பிழைப்பே அதுதான். பெரிய பெரிய இன்ஜினியர் எல்லாம் மெஷினைக் கொண்டுவந்து பாக்கான். நான் கீழ குனிஞ்சு மலைல காதை வச்சுக் கேட்டேன். உள்ள கடமுடான்னு உருளுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. மலைக்கு வாயு."

யாரும் சிரிக்கவில்லை.

"ஓமத்தண்ணி பாட்டில் பெட்டில இருந்துச்சு. நம்ம ஊர்ச் சரக்கு. தண்ணி வர்ற ஓட்டைல முழுசா ஊத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு மலை ஒரு ஏப்பம் விட்டுது பாருங்க, மரத்துல இருந்த பனி பூரா உதிர்ந்துட்டு. கூடவே தண்ணி. சும்மா வரல, தூண் மாதிரிக் கிளம்பி என்னையும் தூக்கிக்கிட்டு மேல போகுது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கேன். தலைல பனி பூப்போல விழுது. கீழ பார்த்தா கடல், கப்பல். கொஞ்சம் மேற்க திரும்பிப் பார்த்தா, மங்கலா ஒரு கோபுரம். நம்ம தென்காசிக் கோபுரம்."

பிரமநாயகம் துண்டால் முழங்கையைத் துடைத்தார். பிறகு மெதுவாக உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். நானும் கேட்டுக்கிட்டேன். ஆனா சாட்சி இல்லாம நான் எதையும் பதிஞ்சதில்ல. நீங்களும் கூடத்தானே போயிருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

திருமலைக்கொழுந்து அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ஆள் திடீரென்று இளைத்துப்போன மாதிரி இருந்தார். அவர் இப்படி உட்கார்ந்து உலகம்மாள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்த வாசல் திரையிலிருந்து திரும்பி வந்த அன்று.

இல்லை என்றால் வரன் போகும். ஆமாம் என்றால் பொய்க்காரக் குடும்பம் என்று அதற்கும் போகும். எப்படியும் போகத்தான் போகிறது. நாடிவரைக்கும் வெந்நீரில், தலையில் பனி விழ உட்கார்ந்திருந்தது நானல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டே பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அவங்க சொன்னதுல ஒரு தப்பு இருக்கு, அண்ணாச்சி" என்றாள்.

சட்னி கேட்டவர் இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"ஓமத்தண்ணி ஊத்தினது அவங்கதான். ஆனா அதுக்கு மலை கேக்கல. லேசா ஒரு விக்கல் எடுத்துது, அவ்வளவுதான். பிறகு நான் பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்தினேன். அதுக்குத்தான் தண்ணி கிளம்புச்சு. மேல போனதும் அவங்க இல்ல, நான். அவங்க கீழ என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க."

திருமலைக்கொழுந்து தலையை நிமிர்த்தினார்.

"கோபுரம் மங்கலாவும் இல்ல. நல்லாவே தெரிஞ்சுது. பக்கத்துலயே எங்க மொட்டைமாடி. கொடியில காயப்போட்ட துணி அப்படியே கிடக்கு, மேற்க மழை இருட்டிக்கிட்டு வருது. எனக்கு வேற ஒண்ணும் ஓடல. அங்கன உட்கார்ந்தே பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கத்துக்குப் போன் போட்டு எடுக்கச் சொன்னேன்."

சண்முகவடிவுதான் கேட்டாள், அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு.

"துணி நனைஞ்சுட்டா மதினி?"

"ஒரு போர்வை மட்டும்."

சண்முகவடிவு தலையாட்டினாள். பிறகு கணவரைப் பார்க்காமல், உலகம்மாளிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்க வீட்டுல இவங்க வாயில இருந்து இதுவரைக்கும் ஒரு பொய் வந்ததில்ல மதினி. சாயங்காலமானா ரெண்டு பேரும் உட்கார்ந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருப்போம். பையனும் அப்படியே வளந்துட்டான். உங்க பிள்ளையை எங்க வீட்டுக்குக் குடுங்க."

உலகம்மாள் முந்தானையால் நெற்றி எண்ணெயைத் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பிரமநாயகம் அருவியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான் சேரன்மகாதேவில வேலை பாக்கும்போது தாமிரபரணில ஒரு வெள்ளம் வந்துது" என்றார். "அப்படி ஒரு வெள்ளத்தை யாரும் பாத்திருக்க முடியாது."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் யோசித்தார். உதட்டை நனைத்துக்கொண்டார். நெற்றியில் எண்ணெயோடு வியர்வையும் சேர்ந்து இறங்கியது.

"படித்துறைல மூணு படி முங்கிட்டு" என்றார்.

திருமலைக்கொழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"முதல் தடவைக்கு இது போதும் அத்தான்" என்றார்.