நாற்பத்தோராவது திருத்தம்

"டீச்சர், நாற்பது தடவை திருத்திட்டேன். எழும்ப மாட்டேங்குது," என்றார் சூசைமாணிக்கம்.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கணினியை இயக்கும் லினக்ஸ் படிக்க வந்தவர்.

குரு ஜரீனாவுக்கு இருபத்தொன்பது. பாளையங்கோட்டைப் பக்கம் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியை. அவருக்கும் பார்வை கிடையாது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வு. பதினெட்டுப் பிள்ளைகள். வினாத்தாளைத் தமிழில் வாசித்துக் காட்ட, கணினிக்குள் இன்னொரு கணினியை அமைத்துத் தருவதாகச் சூசைமாணிக்கம் அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

உள்ளே இருக்கும் அந்தக் கணினிக்கு ஒரே ஒரு பெரிய கோப்பு போதும். லினக்ஸ் மொத்தமும் அதற்குள் அடக்கம். ரூட் இமேஜ் என்பார்கள்.

அது பாதி எழும். ஏதோ ஒரு வட்டை, அதாவது டிஸ்க்கை, தேடும். தொண்ணூறு விநாடி காத்திருக்கும். வட்டு கிடைக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிடும்.

"மணி பன்னிரண்டு ஆகுது. பிள்ளைங்கள இன்னொரு நாள் வரச் சொல்லிரலாமா?" என்றார் ஜரீனா.

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. இன்னைக்கு விட்டா அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சு. என்ன ஆனாலும் நான் விடமாட்டேன்."

பிடித்தால் உடும்புப்பிடி. ஒன்பது நாளாகச் சோறு தண்ணி மறந்து அதன்முன் உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

"என்னென்ன செஞ்சீங்க?"

"முதல்ல இமேஜைத் திறந்து, அந்த வட்டோட பேரைத் திருத்தினேன். கேக்கல. பழையபடியே மாத்தி வச்சிட்டு வேற ஒண்ணைத் திருத்தினேன். அதுக்கும் கேக்கல. இப்படியே நாற்பது."

"சரி. இப்ப உடைங்க."

"என்னது?"

"எல்லாத்தையும் எழுப்பி விடுற முதல் நிரல் உள்ள இருக்குல்லா? அதைத் தூக்கி வெளிய வைங்க."

"நல்லாருக்கே கதை! அது இல்லாட்டி இம்மி அசையாதே டீச்சர். நான் உயிர் கொடுக்கப் பாக்கேன், நீங்க கழுத்தை நெரிக்கச் சொல்றீங்க."

ஜரீனா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணாச்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் குரு சொல். இமேஜைத் திறந்தார். முதல் நிரலை வெளியே எடுத்தார். மூடினார்.

ஓட்டிப் பார்க்கும் ஜன்னலுக்கு வந்து, விசைப்பலகையில் மேல் அம்பை ஒரு தட்டு தட்டினார். கடைசியாகக் கொடுத்த கட்டளை திரையில் வந்து நின்றது. என்டர் அடித்தார்.

பாதி எழுந்தது. வட்டைத் தேடியது. தொண்ணூறு விநாடி காத்திருந்தது. படுத்தது.

"என்ன சொல்லுது?"

அண்ணாச்சி திரையை இரண்டு தடவை வாசித்தார்.

"அதையேதான் சொல்லுது. ஓர் எழுத்துகூட மாறல. முதல் நிரல் இல்லாம எப்படி டீச்சர் இது எழும்பும்? பேயா பிசாசா?"

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல் அம்பைத் தட்டுங்க. என்டர் வேண்டாம்."

தட்டினார்.

"இப்ப வாசிங்க."

"எதை?"

"ஒன்பது நாளா எந்த வரிக்கு என்டர் அடிக்கீங்களோ, அதை. எனக்குக் கேக்கணும்."

வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றார். முகம் செத்துப்போயிற்று.

"என்ன அண்ணாச்சி?"

"முதல் நாள், கைபட்டுக் கெட்டுப்போயிருமோன்னு பயந்து இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து வச்சேன். நகல் ஒழுங்கா வந்திருக்கான்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன்..."

"சரி."

"இந்தக் கட்டளையில இருக்கிறது அந்த நகலோட பேரு. அம்பைத் தட்டித் தட்டி அதையேதான் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கேன். திருத்தினது எல்லாம் ஒண்ணுல. ஓட்டினது எல்லாம் இன்னொண்ணுல."

ஜரீனா சிரிக்கவில்லை.

"எடுத்த நிரலை உள்ள வைங்க. முதல் நாள் செஞ்ச வட்டுப் பேர்த் திருத்தத்தை மட்டும் போடுங்க. அப்புறம் அந்தக் கட்டளைய, அம்பைத் தொடாம, கையால அடிங்க."

அண்ணாச்சி ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். என்டர்.

வட்டைத் தேடியது. கண்டுபிடித்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது.

"வணக்கம். வினாத்தாளை வாசிக்கலாமா?"

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமா வெட்கமா, அவருக்கே தெரியவில்லை.

"டீச்சர், அப்ப முதல் நாளே நான் சரியாத்தான் செஞ்சிருக்கேனா? அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கவா எனக்கு ஒன்பது நாளு?"

"பிள்ளைங்க வெயில்ல நிக்காங்க," என்றார் ஜரீனா. "கதவைத் திறங்க அண்ணாச்சி."